ஐந்தாவது நகர்வில் நேரும் தவறு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் கோடை விடுமுறையும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்தில் பிள்ளைகளும் தகப்பன்மாரும் சதுரங்கப் பலகைக்கு முன் உட்கார நேரம் வாய்க்கிறது. அந்தப் பிள்ளைகள் போட்டிகளில் எழுதிவரும் ஆட்டத்தாள்களைப் பார்த்தால், தோல்வி பெரும்பாலும் முதல் பத்து நகர்வுகளுக்குள்ளேயே தொடங்கியிருக்கிறது.

மண்டபம் ஊரில் ஒரு சிறுவன் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஆட்டத்தைச் சொல்கிறேன். இருவரும் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்திக் குதிரைகளை வெளியே எடுத்தார்கள். வெள்ளை மந்திரி சி4 கட்டத்துக்கு (எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்) வந்ததும், இவன் இரண்டாவது குதிரையை எஃப்6-இல் வைத்தான். நான்காவது நகர்வில் வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்து, ராஜாவைத் தவிர வேறு காவலற்ற எஃப்7 சிப்பாயைக் குறிவைத்தது. டி5-இல் சிப்பாயை வைத்து மந்திரியின் பாதையை மறித்தது சரிதான். வெள்ளை அச்சிப்பாயை வெட்டிய மறுநொடியே, யோசிக்காமல் குதிரையால் திருப்பி வெட்டியதுதான் பிழை.

வெள்ளை எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்து, கறுப்பின் ராணியையும் யானையையும் ஒருசேரத் தாக்கும். ராஜா அதை வெட்டியே ஆக வேண்டும். உடனே வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து செக் வைத்து, டி5 குதிரையையும் தாக்கும். குதிரையைக் காப்பாற்ற ராஜா ஈ6-க்கு, பலகையின் நடுவெளிக்கே, வர வேண்டியிருக்கும். ‘ஃபிரைடு லிவர்’ எனப்படும் இந்தத் தாக்குதலை மிகத் துல்லியமாக ஆடினால் தாங்கலாம். கடிகாரம் ஓடும்போது ஒரு சிறுவனிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமன்று.

திருப்பி வெட்டுவதற்குப் பதில் சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோய் மந்திரியைத் தாக்குவதே நல்ல வழி. மந்திரி பி5-இல் செக் வைத்தால் சி6-இல் சிப்பாயை நிறுத்தலாம். ஒரு சிப்பாய் குறைந்தாலும் காய்கள் விரைவாக வெளியே வந்துவிடும். பழகிய தொடக்கமே என்றாலும் இந்த இடத்தில் இரண்டு நிமிடம் செலவிடுவது வீணாகாது.

ராணியைச் சீக்கிரம் வெளியே எடுப்பதும், ஒரே காயை மீண்டும் மீண்டும் நகர்த்துவதும் அனைவரும் அறிந்த தவறுகளே. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்தி ராஜாவைக் கோட்டைக்குள் கொண்டுசெல்லும்போது (காஸ்லிங்) யானையை முதலில் தொடுவதை மட்டும் பலர் தவறாகக் கருதுவதில்லை. போட்டி விதிப்படி யானையை வேண்டுமென்றே தொட்டுவிட்டால் அந்த நகர்வில் அந்தப் பக்கம் கோட்டை கட்ட இயலாது. ராஜாவை முதலில் இரண்டு கட்டம் நகர்த்தி, அதே கையால் யானையை எடுத்து வைக்க வேண்டும்.