பென்ஷனுக்கு ஒன்றிரண்டு வருஷம் இருக்கும்போது மெடிக்கல் போர்டு வந்தால்

ராணுவத்தில் 13, 14 வருஷ சர்வீஸ் ஆன நேரத்தில் முதுகுவலியோ முழங்காலோ பிரஷரோ வந்து மெடிக்கல் கேட்டகிரி, அதாவது உடல் தகுதித் தரம், இறங்கிவிட்டால், 'போதும், ஊருக்கே போய்விடலாம்' என்று பல பேருக்குத் தோன்றும். யூனிட் ஆபீஸில் ஒரு தாளை நீட்டுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஷெல்டர்ட் அப்பாயின்ட்மென்டில், அதாவது உடம்புக்கு ஏற்ற இலகுவான வேலையில், தொடர விருப்பமா இல்லையா என்று அதில் கேட்டிருக்கும். 15 வருஷம் முடியாமல் அதில் 'விருப்பமில்லை' என்று கையெழுத்துப் போடாதீர்கள். மெடிக்கல் போர்டு, அதாவது உங்களைப் பரிசோதிக்கும் ராணுவ டாக்டர்கள் குழு, தப்பாக எழுதினால் அப்பீல் போகலாம், ஆனால் நீங்களே எழுதிக் கொடுத்ததை எதிர்த்து வாதாடுவது ரொம்பக் கஷ்டம்.

ஜவான், ஜேசிஓவுக்கு (சுபேதார் போன்றவர்கள்) சர்வீஸ் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம், ஆபீசருக்கு 20. அக்னிவீர்களுக்கு இந்தப் பென்ஷன் இல்லை என்பதால், இங்கே எழுதுவது ரெகுலர் ஆட்களுக்கு மட்டும்தான். சேர்ந்த தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். லீவ் முடிந்தும் திரும்பாத நாட்கள், சிறைத் தண்டனை நாட்கள் எல்லாம் கணக்கில் கழியும், அதனால் பென்ஷனுக்குக் கணக்கில் சேரும் தகுதி சர்வீஸ் எவ்வளவு என்று ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து எழுத்தில் வாங்குங்கள். 12 மாதம் வரை குறைவதை மன்னிக்க விதியில் இடம் உண்டு என்பார்கள். உண்மைதான், ஆனால் சொந்த விருப்பத்தில் வெளியே போகிறவர்களை அந்த விதி சேர்த்துக்கொள்ளவில்லை, அவர்கள் கோர்ட் ஏறித்தான் வாங்க வேண்டியிருந்தது. அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

சரி, நீங்கள் தொடர்கிறேன் என்கிறீர்கள், யூனிட்தான் அனுப்பப் பார்க்கிறது என்றால்? லோ மெடிக்கல் கேட்டகிரி என்பதற்காக ஒருவரை டெர்ம் முடியும் முன்பே அனுப்ப வேண்டுமானால் இனி சர்வீஸுக்கு ஆகாது என்று முடிவு செய்யும் இன்வாலிடிங் மெடிக்கல் போர்டின் பரிந்துரை வேண்டும், வெளியே போகும்போது பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு மட்டும் போதாது என்று 2008இல் ராஜ்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏன் அனுப்பக் கூடாது என்று கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ் வந்தால் வாயால் பதில் சொல்லாமல், இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, இலகு வேலையில் தொடரத் தயார் என்று எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போர்டு. ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப் 16 என்ற படிவத்தில் நோயின் பெயருக்கு எதிரே, சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் மோசமானதா, இரண்டும் இல்லையா என்று கட்டங்கள் இருக்கும், பக்கத்தில் காரணம் எழுத இடம் இருக்கும். இரண்டும் இல்லை என்பதைத்தான் நம் ஆட்கள் 'நானா' என்கிறார்கள். அங்கே பல சமயம் ஒரே வரிதான் இருக்கும்: 'பீஸ் ஸ்டேஷனில் ஆரம்பித்தது, ஃபீல்டு சர்வீஸோடு தொடர்பில்லை.' அந்த ஒரு வரியில் ஊனப் பென்ஷன் போய்விடுகிறது. சர்வீஸோடு தொடர்பு என்று ஏற்று, சதவீதமும் 20க்குக் குறையாமல் இருந்தால்தான் பணம்.

அந்த வரி திடீரென்று கடைசி போர்டில் முளைப்பதில்லை. முதன்முதலில் கேட்டகிரி இறங்கிய அன்று நடந்த போர்டில் எழுதியதைத்தான் பெரும்பாலும் அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். ஆகவே வேலையை இப்போதே தொடங்குங்கள். அடிபட்டது என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய் 2006 இஞ்சுரி ரிப்போர்ட் இருக்கிறதா, கோர்ட் ஆஃப் என்கொயரி நடந்ததா, 'ஆன் டியூட்டி' என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நோய் என்றால் சியாச்சின், லே, காஷ்மீர், வடகிழக்கு என்று எங்கெங்கே எந்தத் தேதியில் இருந்தீர்கள், முதல் தொந்தரவு எப்போது, எம்ஐ ரூமில் (யூனிட் மருத்துவ அறை) எப்போது காட்டினீர்கள் என்று தேதி வரிசையில் ஒரு தாள் தயார் செய்யுங்கள். இதய நோய்க்கு, அட்டாக் வருவதற்கு முந்தைய 14 நாள் என்ன டியூட்டி பார்த்தீர்கள் என்ற சார்ட்டரைப் பார்ப்பார்கள். நைட் கார்டு, கான்வாய், ஃபயரிங் ரேஞ்ச் எல்லாம் அதில் ஏறியிருக்க வேண்டும். யூனிட்டை விட்டு வந்தபின் இந்தத் தாள்களைத் தேடுவது பெரும்பாடு, பழைய கிளார்க் மாறிப் போயிருப்பார்.

போர்டு முன் உட்காரும்போது வலியைக் குறைத்துச் சொல்லாதீர்கள். 'பரவாயில்லை சார்' என்று சொல்லியே பழகிய வாய் நமக்கு. எத்தனை படி ஏறினால் கால் மடங்குகிறது, ராத்திரி எத்தனை முறை விழிப்பு வருகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், ஃபைல் பேசும்.

இன்னொன்று. 2023 செப்டம்பர் 21க்குப் பிறகு வெளியே வருகிறவர்களுக்குப் புதிய விதிகள், ஊனத்துக்குக் கிடைக்கும் தொகையில் 'இம்பேர்மென்ட் ரிலீஃப்' என்ற புதிய பெயரும் வந்திருக்கிறது. உங்களுக்கு முன்னால் போன சீனியர்களுக்கு, உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்பின்படி 20 சதவீத ஊனம் 50ஆகக் கணக்காகி உயர்ந்திருக்கலாம். அவர்கள் வாங்கும் தொகையை வைத்து வீட்டு லோன் கணக்குப் போடாதீர்கள்.

'நானா' என்று வந்தே விட்டது என்றால் சோர்ந்து போகாதீர்கள். சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் பின்னால் வந்தது சர்வீஸால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று சொல்வதானால் போர்டு காரணம் காட்ட வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது பழைய விதிகளின் கீழ் வந்த தீர்ப்பு என்றாலும், காரணம் எழுதாத போர்டை எதிர்க்க இன்றும் அதைத்தான் காட்டுகிறார்கள். போர்டு நகல் தரவில்லையென்றால் ஆர்டிஐ போடுங்கள். ரெக்கார்ட்ஸின் நிராகரிப்புக் கடிதம் வந்து 6 மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் இரண்டாவது, அப்புறம் சென்னையிலேயே இருக்கிற ராணுவத் தீர்ப்பாயக் கிளை. கடிதம் வந்த கவரையும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி. எழுதத் தெரியவில்லை என்று தள்ளிப்போடாமல், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு எல்லாத் தாளையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே போய்விடுங்கள்.