சிதைந்த பல்லைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாதிக்கு மேல் சொத்தை அரித்த பல்லோடு மருத்துவரிடம் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த உறை நல்லது? இதை எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைத்துவிடலாமா?" என்றுதான். உறை என்பது பல்லின் மேல் மாட்டும் மூடி; இம்பிளான்ட் என்பது பல் போன இடத்தில் தாடை எலும்புக்குள் பதிக்கும் திருகு. இந்தக் கேள்விகளுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சொத்தையை முழுவதுமாகச் சுரண்டி எடுத்த பிறகு, ஈறுக்கு மேலே எவ்வளவு நல்ல பல் மிஞ்சும்?

உறை பல்லைக் கவ்விப் பிடிக்க, ஈறு விளிம்புக்கு மேலே 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரையாவது உறுதியான பல் வேண்டும்; அதுவும் முடிந்தவரை சுற்றிலும் வேண்டும். அது இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்துப் போட்ட உறையும் கழன்று வரக்கூடும், வேர் பிளந்தும் போகக்கூடும். விளிம்பு போதாதபோது ஈறையும் எலும்பையும் சிறிது குறைத்துப் பல்லை வெளிக்காட்டலாம். கம்பி கட்டி வேரை மெல்ல மேலே இழுக்கலாம். இவை தனக்குப் பொருந்துமா என்று கேட்காமலே பல்லைப் பிடுங்கச் சம்மதித்துவிடுகிறவர்கள் பலர்.

வேருக்குள் இறக்கும் போஸ்ட் என்ற சிறு தண்டு பல்லுக்கு வலுவூட்டும் என்பதும் பரவலாக உள்ள தவறான எண்ணம். மேலே கட்டும் அடைப்பைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே அதன் வேலை. அதற்காக வேரைக் கூடுதலாகக் குடைந்தால், இருக்கும் வலுவும் குறையும்.

வலி நின்றதும் சிகிச்சையை மறந்துவிடுவது இன்னொன்று. பல நாள் துடிக்க வைத்த பல் திடீரென்று அமைதியானால், உள்ளே நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் பற்கூழ் செத்துப் போயிருக்க வாய்ப்பு அதிகம். தொற்று அதோடு நிற்பதில்லை. வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கி, பிறகொரு நாள் சீழாகவும் வீக்கமாகவும் வெளிப்படும். ஆன்டிபயாடிக் மாத்திரை வீக்கத்தை வற்ற வைக்கலாம். தொற்றின் ஊற்று பல்லுக்குள்ளேயேதான் இருக்கும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைத்துக்கொண்டால் வலி தீராது, ஈறுதான் வெந்து புண்ணாகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் பொறுக்காதது, வேர் சிகிச்சையை முடித்துக்கொண்டு உறை போடாமல் இருந்துவிடுவது. கடைவாய்ப்பல்லின் உள்ளே துளைத்து, வேர்க்குழாய்களைச் சுத்தம் செய்து அடைத்த பிறகு, நடுவில் பெரிய குழியும் சுற்றி மெல்லிய சுவர்களும்தான் மிஞ்சும். மேலே இருப்பது தற்காலிக அடைப்பு. அது சில வாரங்களுக்கானது. ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் அந்தச் சுவர்கள் மயிரிழை அளவு விரிந்து மூடும். வலியே இல்லாததால் பல்லுக்கு உரியவருக்கு எதுவும் தெரியாது. ஒரு நாள் கடினமான எதையோ கடிக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம். விரிசல் ஒரு சுவரோடு நின்றால் பிழைத்தோம். ஈறுக்குக் கீழே, வேர் வரை நெடுக ஓடிவிட்டால், பெரும்பாலும் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. முறையாகச் செய்த வேர் சிகிச்சை முழுவதும் வீணாகும். முன்பற்களில் சேதம் குறைவென்றால் சில சமயம் அடைப்பே போதும். கடைவாய்ப்பல்லை அந்த நம்பிக்கையில் விடக்கூடாது.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இடைவெளியை வருடக்கணக்கில் அப்படியே விட்டுவைப்பது அடுத்த தவறு. பல் போன இடத்தில் தாடை எலும்பு கரையத் தொடங்கும். முதல் சில மாதங்களில்தான் அது வேகமாகக் கரையும். பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் தன் வரிசையை விட்டு நீண்டு வரும். பிறகு இம்பிளான்ட் வைக்க நினைத்தால் முதலில் எலும்பு சேர்க்க வேண்டியிருக்கும். இருபுறப் பற்களைப் பிடிமானமாக வைத்து இடைவெளியை நிரப்பும் பிரிட்ஜ் என்றால் நலமான பக்கத்துப் பற்களைச் செதுக்க வேண்டும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கழற்றி மாட்டும் பல்செட்டை இளக்காரமாக நினைக்க வேண்டாம். பல பற்கள் போனவர்களுக்கு அதுவே தக்க வழியாக இருக்கலாம்.

ஸ்வீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்பிளான்ட் பொருத்தினார். அந்த முறை இன்று நன்கு நிலைபெற்றுவிட்டது. ஆனாலும் காப்பாற்றக்கூடிய சொந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டு அதைத் தேடுவதை நான் ஏற்கவில்லை. இயற்கைப் பல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய தசைநார் கடியின் அழுத்தத்தை உணர்த்தும். இம்பிளான்ட் திருகுக்கு அந்த உணர்வு இல்லை. அதைச் சுற்றியும் ஈறு அழற்சி வரலாம், எலும்பு கரையலாம். புகைப்பிடிப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

சாப்பிடும் மருந்துகளைச் சொல்லாமல் விடாதீர்கள். எலும்புத் தேய்மானத்துக்கும் புற்றுநோய்க்கும் தரப்படும் சில மருந்துகளை எடுப்பவர்களுக்கு, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் தாங்களாகவே அதை நிறுத்துவதும் ஆபத்து.

உறை போட்ட பல்லுக்குச் சொத்தை வராது என்று நினைத்துவிடக் கூடாது. உறைக்குச் சொத்தை வராது. உறையும் பல்லும் சேரும் விளிம்பில் வரும். அங்கே பிரஷும் பல்லிடுக்கு நூலும் தினமும் போக வேண்டும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் இரவுக் கவசம் பற்றிக் கேட்கலாம். உறை கழன்று விழுந்தால் கடைப் பசையால் ஒட்டாதீர்கள். கழுவி, ஒரு சிறு டப்பாவில் போட்டு, ஓரிரு நாட்களுக்குள் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே பல் நன்றாக இருந்தால், அதே உறையை மீண்டும் பொருத்த முடியலாம்.