மலிவு கூரியர்: பார்சல் எங்கே சிக்குகிறது, ஏன் சிக்குகிறது?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோஹானஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கு ஒரு அட்டைப்பெட்டி அனுப்ப நாலு இடத்தில் விலை கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள். ஓரிடத்துக் கட்டணம் இன்னோரிடத்தில் பாதிக்கும் கீழே இருக்கும். லாரி போகும் என்3 நெடுஞ்சாலை ஒன்றுதான், தூரமும் ஏறக்குறைய அதே 570 கிலோமீட்டர்தான். அப்படியென்றால் விலை எங்கே குறைகிறது? வீட்டுக்கு வந்து எடுத்துப்போவது, முகவரியைச் சரிபார்ப்பது, ஆள் இல்லாவிட்டால் மறுபடி வருவது, உடைந்தால் ஈடு தருவது ஆகிய வேலைகளில் சில நம் தலைக்கு மாறியிருக்கும். எது மாறியிருக்கிறது என்று பார்க்காமல் பணம் கட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி அதன் குட்டிகள்.

குறைந்த விலை பெரும்பாலும் வாசல்வரை வருவதற்கான விலை அல்ல. பாக்ஸி சேவையில் பெப் கடையில் பையை வாங்கி, நிரப்பி, அங்கேயே கொடுக்கிறோம். வாங்குபவரும் தம் ஊர்க் கடைக்குப் போய் எடுக்க வேண்டும். பூடோ போன்றவற்றில் லாக்கரிலிருந்து லாக்கருக்குப் போகிறது. டர்பனுக்கு வடக்கே தோங்காட்டில் தனியாக இருக்கும், வண்டி ஓட்டாத ஆயாவுக்கு லாக்கரில் பார்சல் போட்டால், அதை எடுக்க யாரையாவது கெஞ்ச வேண்டியிருக்கும். லாக்கரைத் திறக்கும் எண் குறுஞ்செய்தியில்தான் வரும். ஆயாவின் எண்ணுக்குப் பதில் அனுப்புபவரின் எண்ணைப் போட்டுவிட்டால் பெட்டி அங்கேயே உட்கார்ந்திருக்கும், கெடு முடிந்ததும் திரும்பிப் போகும். அளவையும் கவனியுங்கள். பூடோவின் சிறிய பெட்டகம் 60 × 41 × 8 செ.மீ. பட்டுப்புடவை தாராளமாக நுழையும், முறுக்கு டின் நுழையாது. பெட்டியை மூடி டேப் ஒட்டிய பிறகு அளக்க வேண்டும். நிரப்பிய பெட்டி நடுவில் புடைக்கும். அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் லாக்கர் கதவு மூடாமல் நிற்கும்.

வீட்டு வாசலுக்கு அனுப்பும்போது எடை விஷயத்தில் ஏமாறுகிறார்கள். தராசு காட்டும் எடை ஒன்று, பெட்டி அடைக்கும் இடத்துக்கான எடை இன்னொன்று. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கம். 4000ஆல் வகுப்பவர்களும் உண்டு. 40 × 30 × 30 பெட்டியில் 2 கிலோ துணி வைத்தால், முதல் கணக்கில் 7.2 கிலோ, இரண்டாவதில் 9 கிலோ. பதிவு செய்யும்போது 2 கிலோ என்று எழுதிக் கொடுத்தால் கிடங்கில் இயந்திரம் அளந்து மீதியை வசூலிக்கும், அதுவரை பார்சலை நிறுத்தியும் வைக்கலாம். துணிக்குப் பெட்டியே வேண்டாம். ஃப்ளையர் எனப்படும் பிளாஸ்டிக் உறை போதும்.

இனி முகவரி. பார்சல்கள் தவறிப்போக வேறெதையும்விட இதுவே பெரிய காரணம். சாட்ஸ்வொர்த்தில் யூனிட் (பகுதி) எண் உண்டு, ரோடு எண் உண்டு, வீட்டு எண்ணும் உண்டு. மூன்று எண்களை வெறும் கோடு போட்டு வரிசையாக எழுதினால் கிடங்கில் இருப்பவருக்கு எது எதுவென்று தெரியாது. எண்ணிட்ட ரோடுகள் பலவற்றுக்குப் பின்னர் பெயரும் வைத்துவிட்டார்கள். எனவே ‘வீடு 45, ரோடு 706’ என்று வார்த்தையோடு எழுதி, புதுப்பெயர் இருந்தால் அதையும் சேர்த்து, பகுதியின் பெயரையும் 4092 என்ற அஞ்சல் குறியீட்டையும் போடுங்கள். பீனிக்ஸ் என்றால் 4068. தபால் பெட்டிக்கான குறியீடும் தெருவுக்கான குறியீடும் வெவ்வேறு. பழைய கடிதத்தைப் பார்த்துத் தபால் பெட்டிக் குறியீட்டை எழுதிவிடுகிறார்கள், பார்சல் வேறு பையில் விழுகிறது. டர்பன் நகருக்குள் இன்னொரு சிக்கல். கிரே தெரு இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு, வெஸ்ட் தெரு இப்போது டாக்டர் பிக்ஸ்லி காசேமே தெரு. நம் வாயில் பழைய பெயர்தான் வரும், வரட்டும். லேபிளில் மட்டும் புதுப்பெயரை எழுதுங்கள்.

கைபேசி எண்கள் இரண்டு தருவது நல்லது. வண்டி ஓட்டும் தம்பி பெரும்பாலும் ஒப்பந்தக்காரர். எத்தனை வீட்டில் கொடுத்தார் என்பதைப் பொறுத்தே கூலி. ஒருமுறை அழைத்து, யாரும் எடுக்கவில்லை என்றால் ‘ஆள் இல்லை’ என்று அழுத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். அவர்மேல் கோபப்படுவதைவிட, வாசல் மணி வேலை செய்கிறதா, நாய் கட்டப்பட்டிருக்கிறதா, காவல் வைத்த குடியிருப்பென்றால் உள்ளே விட என்ன எண் வேண்டும் என்பதைக் குறிப்பிலேயே எழுதிவிடலாம்.

கட்டும் விதத்தில் ஒரே நினைப்பு போதும்: பெட்டி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும், அதன்மேல் இன்னொரு பெட்டி ஏறும். ‘உடையும் பொருள்’ என்று ஒட்டும் சிவப்புச் சீட்டைக் கன்வேயர் பெல்ட் படிக்காது. கனமான பொருளுக்கு இரட்டை அடுக்கு அட்டைப்பெட்டி வேண்டும். ஆறு பக்கமும் 5 செ.மீ. மெத்தை கொடுத்து, மூடியபின் குலுக்கிப் பாருங்கள். சத்தம் வந்தால் இன்னும் நிரப்பவேண்டும். டேப்பை நடுவில் மட்டும் ஒட்டாமல் இரு ஓரங்களிலும் சேர்த்து எச் எழுத்து வடிவில், மேலும் கீழும் ஒட்ட வேண்டும். குத்துவிளக்கைக் கழற்றி, தண்டையும் தட்டையும் தனித்தனியாகச் சுற்றுங்கள். முழுதாக அனுப்பினால் திருகு மரையில்தான் வளையும். பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தினால் பழைய பார்கோடைக் கிழித்தெடுங்கள். ஸ்கேனருக்கு எது புதியது என்று தெரியாது, பழையதைப் படித்துவிட்டால் பார்சல் போன தடமே இருக்காது. முகவரி எழுதிய ஒரு தாளைப் பெட்டிக்குள்ளும் போடுங்கள். மேலே ஒட்டியது உரிந்தால் அதுதான் காப்பாற்றும்.

ஊறுகாய் தனிக்கதை. கண்ணாடிப் புட்டியை விட கெட்டியான பிளாஸ்டிக் புட்டி நல்லது. டர்பன் கோடையில் மூடிய வேனுக்குள் எண்ணெய் சூடாகி விரியும். கழுத்துவரை நிரப்பாமல் 2 செ.மீ. இடம் விடுங்கள். மூடிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், மூடியைச் சுற்றி டேப், பிறகு ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஜிப் பைகள், சுற்றிலும் எண்ணெய் உறிஞ்சும் செய்தித்தாள். இத்தனையும் செய்தாலும் திரவத்துக்கும் கெட்டுப்போகும் பண்டத்துக்கும் பல நிறுவனங்கள் ஈடு தருவதில்லை. நகை, ரொக்கம், அடையாள ஆவணம் ஆகியவற்றையும் மலிவுச் சேவைகள் பொதுவாக ஏற்பதில்லை. துணிக்குள் சுருட்டி ஒரு தங்கச் சங்கிலியை அனுப்பினால், காணாமல் போன அன்று அதைப் பற்றி வாய்திறக்க முடியாது. மற்ற விலையுள்ள பொருளுக்குக் காப்பீட்டுக் கட்டத்தை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். வாங்கிய ரசீதும், கட்டுவதற்கு முன் எடுத்த படமும் இல்லாமல் கோரிக்கை நகராது.

டிராக்கிங் பக்கத்தைத் தவறாகப் படிப்பவர்கள் அதிகம். வேபில் என்பது பார்சலோடு போகும், எண்ணிட்ட அனுப்புச் சீட்டு. ‘வேபில் உருவானது’ என்றால் விற்பவர் லேபிள் அச்சடித்திருக்கிறார், அவ்வளவே. பார்சல் கூரியர் கைக்கு இன்னும் வரவில்லை. அந்த நிலையில் கூரியரைத் திட்டிப் பயனில்லை, விற்பவரைக் கேட்க வேண்டும். முதல் ஸ்கேன் விழுந்த பிறகுதான் நாள் கணக்கு தொடங்குகிறது, அதுவும் வேலை நாட்கள் மட்டும். மலிவுச் சேவை சாலை வழியாகவே போவதால் பாதை அடைபட்டால் எல்லாமே நிற்கும். 2024 செப்டம்பரில், புரட்டாசி தொடங்கிய சில நாட்களில், வான் ரீனன் கணவாயில் பனி கொட்டி என்3 மூடப்பட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். நவம்பர் கடைசி வாரம் பிளாக் ஃபிரைடே நெரிசல், அதன்பின் டிசம்பர் விடுமுறை. தைப்பூசக் காவடிக்கு வேண்டியதை டிசம்பர் நடுவில் ஆர்டர் செய்வது சூதாட்டம்.

பார்சல் வந்ததும் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். பெட்டி நசுங்கியிருந்தாலோ டேப் மாறியிருந்தாலோ அதைக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். கருவியில் விரலால் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் ஓட்டுநர் நிற்கும்போதே படம் எடுங்கள். சேதத்தைச் சொல்ல நிறுவன விதிகள் தரும் கால அவகாசம் பெரும்பாலும் மிகக் குறைவு. திறக்கும்போது வீடியோ எடுங்கள். ஓடிபி எண்ணைப் பெட்டி கைக்கு வரும் முன் சொல்லவே கூடாது. சொன்ன நொடியில் பார்சல் ஒப்படைக்கப்பட்டதாகப் பதிவாகிவிடும்.

சென்னையிலிருந்து வரவழைப்பவர்களுக்குச் சுங்கம் வேறு தலைவலி. பொருளின் விலை மட்டும் பார்த்துக் கூடையை நிரப்புகிறார்கள். தைத்த உடைகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுங்கவரி 45 சதவீதம். 1000 ராண்டு குர்த்தா என்று வையுங்கள்: வரி 450. அடுத்து வாட் எனும் மதிப்புக்கூட்டு வரி. அதற்கு விலையோடு அதன் 10 சதவீதத்தையும் சுங்கவரியையும் கூட்டிக்கொள்வார்கள்: 1000 + 100 + 450 = 1550. அதில் 15 சதவீதம் 232.50. மொத்த வரி 682.50 ராண்டு, அதற்கு மேல் கூரியரின் சுங்கச் சேவைக் கட்டணம். 500 ராண்டுக்குக் கீழுள்ள சிறு பார்சல்களுக்கு முன்பு வாட் இல்லாமல் 20 சதவீதம் மட்டும் வாங்கினார்கள். 2024இல் அந்தச் சலுகை போயிற்று. விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரைக் கேட்காதீர்கள். வரித்துறையான சார்ஸின் அதிகாரிகள் ரசீது கேட்டு நிறுத்தினால் அபராதம் உங்களுக்குத்தான்.

வெளிநாட்டில் இருக்கும் தனிநபர் ஒருவர் தாமாக அனுப்பும் பரிசுக்கு மட்டும் விலக்கு உண்டு: ஒருவருக்கு ஆண்டுக்கு இரண்டு பார்சல், ஒவ்வொன்றும் 1400 ராண்டுக்கு மிகாமல். கடையிலிருந்து நேரே வரும் பெட்டி இதில் சேராது. விதை, செடி, தேன் ஆகியவற்றை அனுமதி இல்லாமல் வரவழைக்கக் கூடாது. பயன்படுத்திய துணிக்கும் இறக்குமதி அனுமதி தேவை. கறிவேப்பிலை விதையை உறையில் மறைத்து அனுப்பச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க.

இந்தக் காத்திருப்பைப் பயன்படுத்தித்தான் மோசடிக் குறுஞ்செய்தி வருகிறது: ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, இருபது முப்பது ராண்டு கட்டுங்கள்’. தொகை சிறியது என்பதால் யோசிக்காமல் கார்டு எண்ணைப் போடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்த எண்தான். செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், வேபில் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். எண் இல்லாத செய்தியை அழித்துவிடலாம்.

கடைசியாக, புகார். இணையத்தில் வாங்கிய பொருள் என்றால் உங்கள் ஒப்பந்தம் கடையோடுதான். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 19ஆம் பிரிவின்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், நீங்கள் ஏற்றுக்கொள்ளும்வரை பொருளின் பொறுப்பு விற்பவருடையது. ‘கூரியரைக் கேளுங்கள்’ என்று அவர் கைகழுவ முடியாது. வேறு கெடு பேசாத இணைய ஆர்டர் 30 நாளுக்குள் வராவிட்டால், ஏழு நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து ரத்து செய்யலாம். நீங்களே அனுப்பிய பார்சல் என்றால் நிலைமை வேறு. பணம் கட்டியவரின் புகாரைத்தான் எடுப்பார்கள். வாங்க வேண்டியவர் எத்தனை முறை அழைத்தாலும் வரிசை எண்தான் கிடைக்கும். தொலைபேசியில் பேசியதை நம்பாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள்: வேபில் எண், ஒப்படைத்த நாள், கடைசி ஸ்கேன் எங்கே எப்போது, பொருளின் விலை, வேண்டிய தீர்வு. நிறுவனம் அசையாவிட்டால் நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட்ஸ்மன் எனும் குறைதீர்ப்பு அலுவலகத்துக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. நிறுவனத்துக்கு முதலில் எழுதிய அந்த மின்னஞ்சலை அங்கேயும் கேட்பார்கள்.