திரி ஏன் தண்ணீரை இழுக்கவில்லை?

தைப்பூசத்துக்கு நான்கு நாள் பினாங்கு போகவேண்டும். கோலாலம்பூர் செந்தூல் வீட்டு பால்கனியில் நிற்கும் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. பழைய மினரல் வாட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பருத்தி பனியன் ஒன்றைக் கிழித்துத் திரியாக்கினேன். ஒரு முனை பாட்டிலில், மறுமுனை தொட்டி மண்ணில்.

மறுநாள் மண் காய்ந்தே கிடந்தது. திரியைத் தடிமனாக்கினேன், பாட்டிலை நாற்காலியில் ஏற்றினேன், மண்ணைக்கூட மாற்றினேன். மூன்று நாள் வீண்.

கடைசியில் எரிச்சலோடு திரியை உருவி, காய்ந்த பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். தாமரை இலையில் நிற்பது மாதிரி உருண்டு நின்றது! துவைக்கும்போதெல்லாம் துணி மிருதுவாக ஊற்றும் சாஃப்ட்னர் நூலில் படிந்து, தண்ணீரை ஒட்டவிடாமல் செய்திருக்கிறது. பனியன் வாசமாக இருக்கிறதே என்று நான்தான் தாராளமாக ஊற்றுவேன்.

பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் திரியை அரைமணி நேரம் ஊறவைத்து, நுரை போகுமட்டும் அலசினேன். ஈரத்தோடேயே பொருத்தினேன். சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்தால் இரண்டு அங்குல ஆழம் வரை ஈரம்.

பாட்டில் வாயில், திரியைச் சுற்றித் துணி அடைத்துவிட்டேன். இல்லாவிட்டால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு உள்ளே முட்டையிட்டுவிடும்.