நியூசிலாந்து மாகாண ரக்பி: ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறக்கும்போது நியூசிலாந்தில் மாகாண ரக்பி களைகட்டத் தொடங்கிவிடும். அக்டோபர் இறுதி வரை 14 மாகாணங்கள் மோதும் இந்தத் தொடரை அங்கே என்பிசி (தேசிய மாகாண சாம்பியன்ஷிப்) என்றே சொல்கிறார்கள். 1976இல் தொடங்கிய போட்டி இது. அண்மை ஆண்டுகளில் இந்த அளவுக்கு இழுபறியாக நடக்கும் உள்நாட்டு ரக்பித் தொடர்கள் குறைவு என்பது என் உறுதியான கருத்து. அப்படியிருந்தும் ஆக்லாந்து, வெலிங்டன் போன்ற ஊர்களில் புதிதாகக் குடியேறி ரக்பி பார்க்கத் தொடங்கும் நம்மவர்கள் பலர், இரண்டு மூன்று ஆட்டங்களோடு ஆர்வம் இழந்துவிடுகிறார்கள். ஆட்டத்தில் குறையில்லை. பார்க்கும் முறையில்தான் சில தவறுகள் நேர்கின்றன.

பெரிய ஊரின் அணிதான் வெல்லும் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது அவற்றில் ஒன்று. இந்த எண்ணத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2008 முதல் 2017 வரையிலான 10 ஆண்டுகளில் 9 முறை கிறைஸ்ட்சர்ச் நகரை உள்ளடக்கிய கேன்டர்பரியே கோப்பையை எடுத்துச் சென்றது. இடையில் 2014இல் மட்டும் டாரனாகி புகுந்தது. அந்தக் காலத்து நினைவிலேயே இன்றும் பேசுகிறவர்கள் உண்டு. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள்: 2018இல் ஆக்லாந்து, 2019லும் 2020லும் டாஸ்மன், 2021இல் வைகாடோ, 2022இல் வெலிங்டன், 2023இல் டாரனாகி, 2024இல் மறுபடி வெலிங்டன், 2025இல் கேன்டர்பரி. இவற்றில் டாஸ்மன் அணி பிறந்ததே 2006இல்தான். நெல்சன் பேஸ், மார்ல்பரோ என்ற இரண்டு சிறிய ரக்பிச் சங்கங்கள் இணைந்து உருவாக்கிய அணி, 2019இல் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கோப்பை வென்றது. 2020 இறுதிப் போட்டியில் ஆக்லாந்தை அது வென்ற கணக்கு 13-12. ஒரே ஒரு புள்ளி!

அடுத்த தவறு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. தங்கள் அணி தோற்கப்போகிறது என்று தெரிந்ததும், கடைசிப் பத்து நிமிடங்கள் இருக்கும்போதே எழுந்து போய்விடுகிறார்கள். பருவத்தின் தலையெழுத்து பல நேரம் அந்தப் பத்து நிமிடங்களில்தான் எழுதப்படுகிறது. வெற்றிக்கு 4 புள்ளிகள், சமநிலைக்கு 2 என்பது பலருக்கும் தெரியும். நான்கு டிரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது, ஐந்து புள்ளி) போட்ட அணிக்கு, வென்றாலும் தோற்றாலும் ஒரு போனஸ் புள்ளி உண்டு. ஏழு அல்லது அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் தோற்ற அணிக்கும் ஒரு போனஸ் புள்ளி உண்டு. புரோ கபடியில் 7 புள்ளிக்குள் தோற்ற அணிக்கு ஒரு புள்ளி கொடுத்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். 77ஆவது நிமிடம், கணக்கு 20-30. பின்தங்கிய அணிக்குக் கம்பங்களுக்கு நேர் எதிரே பெனால்டி கிடைக்கிறது. கேப்டன் கோலை நோக்கிக் கையைக் காட்டுகிறார். அரங்கில் சிலர், "பத்துப் புள்ளி பின்னால் இருக்கும்போது மூன்று புள்ளிக்கு உதைப்பதா?" என்று கூச்சலிடுவார்கள். ஆனால் அவர் செய்வது சரியான கணக்கு. பந்து கம்பங்களுக்கு இடையே போனால் 23-30. வித்தியாசம் ஏழாகச் சுருங்கி, ஒரு போனஸ் புள்ளி கைக்கு எட்டிவிடும். ரக்பியில் எதிரணிக்குப் புள்ளி விட்டுக்கொடுத்த அணிதான் ஆட்டத்தை உதைத்துத் தொடங்க வேண்டும் என்பதால், பந்தைப் பிடிக்கும் வாய்ப்பும் பின்தங்கிய அணிக்கே வரும். அதிலிருந்து ஒரு டிரையும், அதையடுத்து உதைக்கும் இரண்டு புள்ளிக் கன்வெர்ஷனும் கிடைத்தால் ஆட்டமே சமன். அதேசமயம் முன்னிலையில் இருக்கும் அணி மூன்று டிரை போட்டிருந்தால், நான்காவதைத் தேடி ஆட்ட நேரமான 80 நிமிடம் தாண்டியும், பந்தை வெளியே உதைத்து ஆட்டத்தை முடிக்காமல் ஆடிக்கொண்டிருக்கும். பிடி நழுவினால் எதிரணிக்குத் திறந்த வெளி. இரண்டு அணிகளும் இரண்டு வெவ்வேறு புள்ளிகளுக்காக உயிரைக் கொடுத்து ஆடும் அந்த நேரத்தில் வாகன நிறுத்துமிடத்தில் இருப்பவர் எவ்வளவு இழக்கிறார்!

ரான்ஃபர்லி கேடயத்தையும் என்பிசி கோப்பையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. கேடயம் வயதில் மூத்தது. ஆளுநராக இருந்த ரான்ஃபர்லி பிரபு கொடுத்தது, 1902இல் முதலில் ஆக்லாந்துக்கு வழங்கப்பட்டது. அதை வைத்திருக்கும் அணியின் மண்ணுக்கே போய், அந்த அணியைத் தோற்கடித்துத்தான் வாங்கிவர வேண்டும். சமநிலையில் முடிந்தால் கேடயம் இருந்த இடத்திலேயே இருக்கும். என்பிசி லீக் சுற்றில் அந்த அணி சொந்த மைதானத்தில் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்திலும் கேடயம் பணயம். நாக் அவுட் ஆட்டங்களில் அது பணயம் வைக்கப்படுவதில்லை.

இதனால் பட்டியலில் கீழே கிடக்கும் அணிக்கும் பருவத்தின் நடுவே ஒரு மாபெரும் நாள் வாய்த்துவிடுகிறது. 2009இல் தென்கோடியிலுள்ள சவுத்லாந்து, கிறைஸ்ட்சர்ச்சுக்கே போய் கேன்டர்பரியை 9-3 என்று வீழ்த்திக் கேடயத்தை எடுத்து வந்தது. 1959க்குப் பிறகு அதுவே முதல் முறை. அந்த ஆண்டு என்பிசி சாம்பியன் யார் என்றால், அதே கேன்டர்பரி! 2013இல் இன்னும் விசேஷம். வைகாடோவைத் தோற்கடித்து 1957க்குப் பிறகு முதல் முறையாகக் கேடயத்தைப் பிடித்த ஒட்டாகோ, அதைக் காக்க ஆடிய முதல் ஆட்டத்திலேயே ஹாக்ஸ் பேயிடம் ஒரு புள்ளி வித்தியாசத்தில் இழந்தது. ஹாக்ஸ் பேயும் தன் முதல் தற்காப்பிலேயே கவுன்டீஸ் மானுகாவிடம் தோற்றது. கவுன்டீஸ் அதுவரை கேடயத்தைத் தொட்டதே இல்லை. ஆகவே அட்டவணையைக் கையில் எடுத்ததும், கேடயம் இப்போது யாரிடம் இருக்கிறது, அவர்களுக்குச் சொந்த ஊர் ஆட்டங்கள் எப்போது என்று குறித்துவையுங்கள். பட்டியலின் உச்சியில் நடக்கும் மோதலைவிட அந்த ஆட்டங்கள் சில நேரம் பெரிதாக இருக்கும்.

ஆல் பிளாக்ஸ் (நியூசிலாந்து தேசிய அணி) வீரர்கள் இல்லையே, இது இரண்டாம் தரம்தானே என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. தேசிய அணி அதே மாதங்களில் சர்வதேச ஆட்டங்களில் இருப்பதால் நட்சத்திரங்கள் பலர் வரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் போட்டி இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நட்சத்திரங்களைச் சேர்த்து வைத்திருக்கும் அணிகளே அதிகம் பேரை இழக்கின்றன. காலியான இடங்களில் கிளப் ஆட்டத்திலிருந்து இளைஞர்கள் வந்து நிற்கிறார்கள். பியூடன் பாரட் டாரனாகியிலும், வில் ஜோர்டன் டாஸ்மனிலும் இப்படித்தான் வளர்ந்தார்கள். ஒரு பத்தொன்பது வயதுப் பையன் உயரப் பந்தைத் தவறவிட்டான் என்பதற்காக அவனை வசைபாடுவதும் இங்கே தவிர்க்க வேண்டிய ஒன்று. அடுத்த சனிக்கிழமை அவன் எப்படி ஆடுகிறான் என்று பாருங்கள்.

புள்ளிப் பட்டியலை அவசரமாகப் படிப்பதும் ஏமாற்றும். ஒவ்வோர் அணிக்கும் எதிரணிகள் 13, ஆனால் லீக் சுற்றில் ஆடுவது 10 ஆட்டங்கள்தான். யாரோடு மோதவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போதாததற்குச் சில ஆண்டுகளில் வார நடுவிலும் ஆட்டங்கள் வைக்கப்பட்டதுண்டு. சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து ஆடவேண்டிய அணி களைத்துப்போய்த் தோற்றால், அதை வைத்து அந்த அணி சரிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. எத்தனை ஆட்டங்கள் ஆடியிருக்கிறது என்ற பத்தியை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் புள்ளிகளுக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் எட்டு இடங்களுக்குக் காலிறுதி உண்டு என்பதால், லீக் சுற்றின் கடைசி வார இறுதியில் ஏழாவது, எட்டாவது இடங்களுக்கு நடக்கும் தள்ளுமுள்ளுவைத் தவறவிடாதீர்கள். உங்கள் மாகாணம் வெளியேறிவிட்டாலும் தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். 2023 இறுதிப் போட்டியில் டாரனாகி ஹாக்ஸ் பேயை 22-19 என்று வென்றது. 2024இல் வெலிங்டனும் பே ஆஃப் பிளென்டியும் கூடுதல் நேரம் வரை போராடி 23-20இல் முடித்தன. என்பிசியில் இல்லாத சிறிய மாகாணங்கள் பன்னிரண்டும் ஹார்ட்லேண்ட் சாம்பியன்ஷிப் என்ற தனித் தொடரில் ஆடுகின்றன. பழம்பெரும் ஆல் பிளாக்ஸ் வீரர் கோலின் மீட்ஸ் பெயரிலான கோப்பைக்கு நடக்கும் அந்த ஆட்டங்களில் எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.