நமக்கென ஒரு வாரப் பாடல் தரவரிசை

1952 நவம்பர் 14 அன்று பிரிட்டனின் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் அந்நாட்டின் முதல் பாப் பாடல் விற்பனைத் தரவரிசையை வெளியிட்டது. இசைத்தட்டுக் கடைகளைத் தொலைபேசியில் அழைத்து, அந்த வாரம் எவை அதிகம் விற்றன என்று கேட்டுக் குறித்துத் தயாரித்த பட்டியல் அது. சொந்தத் தரவரிசை எழுதுபவர் தம் ஒருவரை மட்டும் கேட்டால் போதும் என்றாலும், அந்த ஒருவரிடமிருந்து உண்மையான பதிலைப் பெறுவதற்குச் சில ஒழுங்குகள் வேண்டும்.

முதலில் பட்டியலின் நீளத்தை முடிவு செய்யுங்கள். அமெரிக்க இசை இதழான பில்போர்டின் ‘ஹாட் 100’ தரவரிசை 1958 ஆகஸ்டிலிருந்து நூறு இடங்களோடு வந்துகொண்டிருக்கிறது. தனியொருவருக்கு இருபது இடங்களே அதிகம், அதற்குக் கீழே எழுதுவதெல்லாம் ஊகமாகிவிடும். எழுதும் நாளாக வியாழன் இரவை வைத்துக்கொள்ளலாம். 2015 ஜூலை முதல் பெரும்பாலான நாடுகளில் புதிய பாடல்கள் வெள்ளிக்கிழமையில் வெளியாகின்றன என்பதால், வியாழனுக்குள் அவற்றை ஒரு முழு வாரம் கேட்டிருப்போம்.

நீளமான நோட்டு ஒன்றில் வாரத்திற்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பாடலின் பெயருக்கு எதிரே நான்கு கட்டங்கள் போடுங்கள்: இந்த வார இடம், சென்ற வார இடம், தொட்ட உச்ச இடம், பட்டியலில் இருந்த வாரங்கள். ஒரு பாடலுக்கு எதிரே ‘4, 9, 4, 3’ என்றிருந்தால், வந்து மூன்றே வாரமான அது ஒன்பதிலிருந்து நான்குக்குத் தாவி, இதுவரை எட்டாத உயரத்தில் நிற்கிறது என்பது ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

இடம் கொடுப்பதுதான் கடினம். ‘எது சிறந்த பாடல்?’ என்று கேட்டால், பாராட்டப்பட வேண்டியவை என்று நாம் நினைக்கும் பாடல்களே மேலே வரும். ‘இந்த வாரம் எதை மறுபடியும் கேட்கத் தோன்றியது?’ என்று கேளுங்கள். சென்ற வாரப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு வரிசையை எழுதி முடித்த பிறகே பழைய இடங்களை நிரப்புங்கள், இல்லையேல் கை தானாகப் பழைய வரிசையையே எழுதும். புதிய பாடல் ஒன்றை இருபதாம் இடத்துப் பாடலோடு ஒப்பிட்டு, வென்றால் அடுத்த மேலிடத்தோடு ஒப்பிட்டு, தோற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு பாடலை எத்தனை முறை கேட்டோம் என்று பாட்டுச் செயலி காட்டும் எண்ணிக்கை நினைவூட்டுவதற்கு மட்டுமே உதவும். சமைக்கும்போது தானாக ஓடிய பாடலையும் அது ஒன்றென்றே கணக்கிடும்.

விட்டுப்போன வாரத்தை வெற்றுப் பக்கமாகவே விடுங்கள். ஒருமுறை மூன்று வாரங்களை நினைவிலிருந்து நிரப்பினேன். என் நோட்டில் நான் நம்பாத பக்கங்கள் அவை மட்டுமே. எழுதிய பக்கத்தைப் பின்னாளில் திருத்துவதும் கூடாது. இன்று சலித்துப்போன பாடலை அன்று விரும்பினோம் என்பதற்கு அந்தப் பக்கமே சாட்சி.

ஆண்டிறுதிக் கணக்கிற்கு, முதலிடத்திற்கு 20 புள்ளி, இரண்டாம் இடத்திற்கு 19, கடைசி இடத்திற்கு 1 என்று கூட்டுங்கள். 14, 9, 5, 2, 1, 1, 3 என்று ஏழு வாரம் ஏறியிறங்கி மறைந்த பாடலுக்கு 112 புள்ளிகள் கிடைக்கும். பத்தாம் இடத்திலேயே பதினைந்து வாரம் அசையாமல் இருந்த பாடலுக்கோ 165 புள்ளிகள். பில்போர்டிலும் இப்படி நடந்திருக்கிறது: பாடகி டுவா லிபாவின் ‘லெவிடேட்டிங்’ பாடல் எந்த வாரமும் முதலிடம் பிடிக்காமலேயே 2021ஆம் ஆண்டுப் பட்டியலின் உச்சியில் நின்றது. இது உங்களுக்கு நியாயமாகப் படவில்லையென்றால், முதலிடம் பெற்ற ஒவ்வொரு வாரத்திற்கும் கூடுதலாக 10 புள்ளிகள் சேர்க்கலாம். ஆனால் அந்த விதியை ஜனவரியிலேயே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.