வரலாற்று வகுப்பில் விளையாட்டும் பரிசும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களின் தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டில்தான் வரலாறு தனிப் பாடமாக வருகிறது. இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் வரலாற்றில் தேர்ச்சி பெறாதவர்களுக்குச் சான்றிதழ் இல்லை என்ற விதி 2013 முதல் நடப்பில் இருப்பதால், இந்தப் பாடத்தைப் பிள்ளைகள் வெறுத்துவிடக் கூடாதே என்ற கவலை ஆசிரியர்களுக்குத் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அதனால் விளையாட்டையும் பரிசையும் நாடுகிறார்கள். நாடுவதில் குற்றமில்லை, ஆனால் எந்தச் செயலுக்குப் புள்ளி கொடுக்கிறோமோ அந்தச் செயலில்தான் பிள்ளைகள் தேறுவார்கள் என்பதை மறந்து விளையாட்டை அமைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

மிகப் பரவலான தவறு, எந்தப் பாடத்துக்கும் பொருந்தக்கூடிய விளையாட்டை வரலாற்றுக்குக் கொண்டுவருவது. பாம்பும் ஏணியும் வரைந்த பலகையில் கட்டத்துக்கொரு கேள்வியை ஒட்டி, சரியாகச் சொன்னால் ஏணி, தவறினால் பாம்பு என்று ஆடவைக்கிறார்கள். வகுப்பு கலகலப்பாக இருக்கும், தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் பாராட்டவும் செய்வார். ஆனால் அந்தக் கேள்விகளை எடுத்துவிட்டு ஏழாம் வாய்ப்பாட்டை ஒட்டினாலும் அதே விளையாட்டு அப்படியே நடக்கும் என்றால், அதன் விதிகளில் வரலாறு எதுவுமே இல்லை என்று பொருள். பயிற்றுத்துணைப்பொருளைத் தயாரிப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது. மீள்பார்வைக்குப் பாம்பு ஏணி போதும். புதிய பாடத்தைக் கற்பிக்க அது உதவாது.

விதிகளிலேயே வரலாறு இருக்கும் விளையாட்டுக்கு மலாக்கா வாணிபம் நல்ல எடுத்துக்காட்டு. மலாக்காத் துறைமுகத்தில் வணிகர்களைக் கவனிக்க 4 ஷாபண்டார்கள் (துறைமுக அதிகாரிகள்) இருந்தார்கள்: குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுக்கு ஒருவர், சாவா, மலுக்கு, பண்டா முதலிய தீவுகளுக்கு ஒருவர், சீனா, சம்பா, ரியூக்கியூ வணிகர்களுக்கு ஒருவர். வகுப்பை அவ்வாறே நான்காகப் பிரித்து, துணி, பீங்கான், கிராம்பு, சாதிக்காய் அட்டைகளைக் கொடுத்துவிட்டு, ஆசிரியர் காற்று அட்டையை மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம். தென்மேற்குப் பருவக்காற்று அடித்தால் இந்தியக் கப்பல்கள் உள்ளே வரலாம், சீனக் கப்பல்கள் ஊர் திரும்பலாம். வடகிழக்குக் காற்று வந்தால் நிலைமை தலைகீழாகும். எதிரணியின் சரக்கு வந்து சேராத குழு, தன் சரக்கைக் கிடங்கில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டாம் சுற்றுக்குள் யாராவது ஒருவன், “ஏன் சார் நாங்க மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கணும்?” என்று கேட்டே தீருவான். அந்தக் கேள்விதான் பாடம். வணிகர்கள் மலாக்காவில் மாதக்கணக்கில் தங்கியதும், கிடங்குகளும் பல மொழிகளும் அங்கே பெருகியதும் காற்றுக்காகக் காத்திருந்ததால் என்பதை அவன் உடம்பே உணர்ந்திருக்கும். கடைசியில் 1511 என்று எழுதிய அட்டையை வைத்து, போர்த்துகீசியர் நகரைப் பிடித்துவிட்டார்கள், இனி இங்கேயே விற்பீர்களா, சுமத்ராவின் ஆச்சே பக்கம் போவீர்களா என்று கேட்டால், ஒவ்வொரு குழுவும் காரணத்தோடு பதில் சொல்லும். இந்த விளையாட்டுக்குப் பரிசு வைக்கத் தேவையே இருக்காது.

அடுத்த தவறு வேகத்துக்குப் புள்ளி கொடுப்பது. காகூட் போன்ற வினாடி வினாச் செயலிகளில் சரியான விடையை முந்திச் சொல்பவருக்குக் கூடுதல் புள்ளி கிடைக்கிறது. மெர்டேக்கா (விடுதலை) நாள் எது என்ற கேள்விக்கு அது பொருந்தலாம். பேராவின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பிர்ச் 1875இல் பாசிர் சாலாக்கில் ஏன் கொல்லப்பட்டார் என்ற கேள்விக்கு முதல் இரண்டு விநாடியில் பொத்தானை அழுத்துகிறவன் யோசித்து அழுத்துவதில்லை. மேலும், கருவிகளும் இணையமும் எல்லாப் பள்ளிகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. பிளிக்கர்ஸ் முறையில் மாணவர்கள் அச்சிட்ட அட்டையைத் திருப்பிக் காட்டினால் போதும். ஆசிரியரின் கைப்பேசி ஒன்றே எல்லா விடைகளையும் படித்துக்கொள்ளும். யோசிக்க நேரம் கிடைக்கிறது, தவறாகச் சொன்னவர் யார் என்பதும் மற்றவர்களுக்குத் தெரிவதில்லை.

பரிசைப் பற்றி ஆசிரியர் அறையில் இரண்டு கட்சிகள் உண்டு: ஒட்டுப்படமும் மைலோ பாக்கெட்டும் இல்லாமல் வகுப்பு நகராது என்பவர்கள், பரிசே கூடாது என்பவர்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இரு தரப்பாருக்கும் உதவும். படம் வரைய ஏற்கெனவே விரும்பிய பாலர்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி கொடுத்தார்கள். பிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் பிரிவினர் வரைந்த நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே ஆர்வத்தோடு தாத்தாவிடம் பழைய பால்மரத் தோட்டக் கதை கேட்டு வரும் பிள்ளையிடம் “கேட்டு வந்தால் பென்சில்” என்று பேரம் பேசக் கூடாது. புத்தகத்தையே திறக்காத பிள்ளைக்குத் தொடக்கத்தில் ஒரு பென்சில் கொடுப்பதில் தவறில்லை. மூன்றாம் வாரத்தில் அதை நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து.

புள்ளிப் பட்டியலைச் சுவரில் தொங்கவிடுவதைக் குறைந்த மாணவர் பள்ளிகளில் அறவே தவிர்க்கலாம். எட்டுப் பேர் படிக்கும் வகுப்பில் கடைசி இடம் யாருக்கு என்பது பள்ளிக்கூடத்துக்கே தெரியும். முதலிடத்தில் இருப்பவளும் கடைசியில் இருப்பவனும் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளாகவும் இருப்பார்கள். பட்டியல் வீடுவரை போய்ச் சேரும். குழுக்களை ஒவ்வொரு பாடவேளையும் மாற்றி, புள்ளிகளை அன்றே அழித்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

துன்பத்தை விளையாட்டாக்குவது எல்லாவற்றிலும் மோசமானது. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டதையடுத்தே, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை அது நீடித்தது. இதைச் சிப்பாயும் கம்யூனிஸ்டும் என்று ஒளிந்து சுடும் ஆட்டமாக்கினால், அந்த நாள்களில் முள்வேலிக்குள் அடைபட்டிருந்த குடும்பத்தின் பேரப்பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களைப் பற்றிய பாடமும் அப்படித்தான். அங்கே பகடைக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக, முடிவெடுக்கும் அட்டைகளைப் பயன்படுத்தலாம். தோட்டத் துண்டாடல் நடக்கிறது, அதாவது தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்கிறார்கள், வேலையும் லயத்து வீடும் போகப்போகின்றன, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது: பட்டணம் போவதா, காத்திருப்பதா, தொழிலாளர்களே தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்குவதா? அன்றைய மக்களுக்குத் தெரிந்த தகவலை மட்டுமே வைத்து முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. சரி, தவறு என்று புள்ளி கிடையாது. காரணம் சொன்னால் போதும்.

நேரத்தையும் கவனிக்க வேண்டும். 30 நிமிடப் பாடவேளையில் விளையாட்டே 28 நிமிடத்தைத் தின்றுவிட்டால், நடந்தது என்ன என்று பேச இடமிருக்காது. கடைசி 10 நிமிடத்தை முன்பே ஒதுக்கி, விளையாட்டு பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, ஒரு பத்தி எழுதச் சொல்ல வேண்டும். வகுப்பறை மதிப்பீட்டின் 6 அடைவுநிலைகளில் பிள்ளை எங்கே நிற்கிறான் என்பதை அந்தப் பத்தியைப் பார்த்துத்தான் பதிய வேண்டும். ஆட்டத்தில் சேர்ந்த புள்ளிகளை அப்படியே அடைவுநிலையாக மாற்றினால், அட்டை அதிர்ஷ்டம் நன்றாக இருந்தவன் ஆறாம் நிலைக்குப் போய்விடுவான்.